பட்டியலில் இல்லாத மேஜர்

போன இதழில் டபுள் மேஜர் (மேஜர் என்றால் பட்டப்படிப்பில் முதன்மையாகப் படிக்கும் துறை, டபுள் மேஜர் என்றால் அப்படி இரண்டு) எடுக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் எழுதும்போது, "இரண்டிலும் மனசு நிற்காதவர்கள் தங்கள் மேஜரைத் தாங்களே வடிவமைத்துக்கொள்ளும் வசதியும் சில பல்கலைக்கழகங்களில் உண்டு" என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். சரி, இந்த முறை முழுக்க அதற்கே வைத்துக்கொள்வோம்.

கேள்வி: மேஜரை மாணவரே உருவாக்குவதெல்லாம் நிஜமாகவே நடக்கிறதா? இல்லை, கல்லூரிகள் விளம்பரத்துக்காகப் போடும் வாசகமா?

பதில்: நடக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு மேலாகவே நடக்கிறது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே உட்கார்ந்து ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதினார்கள். அதைத் தொடர்ந்து 1969-ல் அங்கே 'திறந்த பாடத்திட்டம்' வந்தது, அதாவது எதைப் படிப்பது என்பதைப் பெரும்பாலும் மாணவரே தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு. பட்டியலில் இருக்கும் எதுவும் பொருந்தவில்லை என்றால் இன்றைக்கும் அங்கே சொந்தமாக ஒன்றை எழுதிக் கொடுக்கலாம். 1970-ல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய ஹாம்ப்ஷயர் கல்லூரி இன்னும் ஒரு படி மேலே போய், மேஜர் என்ற ஏற்பாட்டையே வைத்துக்கொள்ளவில்லை. மதிப்பெண்ணுக்குப் பதிலாக ஆசிரியர்கள் எழுத்தில் தரும் மதிப்பீடு, கடைசி வருடத்தில் மாணவரின் சொந்த ஆய்வு, அவ்வளவுதான். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேலட்டின் பள்ளி 1972-ல் தொடங்கிய ஒரு சோதனை முயற்சியிலிருந்து வளர்ந்தது. அங்கே படிப்பை முடிக்கும்போது, தான் படித்த புத்தகங்களின் பட்டியலோடு ஆசிரியர் குழு முன்னால் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் 2012-ல் கலையையும் அறிவியலையும் சேர்த்து ஒரு பட்டப்படிப்பு தொடங்கியது. ஆனால் அது வேறு வகை. சட்டகத்தை அவர்கள் முன்பே போட்டுவிட்டார்கள், அதற்குள் பாதையை நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள். 'இன்டர்டிசிப்ளினரி', அதாவது பல துறைகளை இணைத்த படிப்பு, என்ற ஒரே பெயர்ப்பலகைக்குப் பின்னால் இப்படி இரண்டு விதமான கடைகள் இருக்கின்றன: ஒன்றில் வெற்றுத்தாளைத் தருவார்கள், இன்னொன்றில் பாதி எழுதிய தாளைத் தருவார்கள். உங்கள் பல்கலைக்கழகத்தில் எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பலருக்கும் பாதி எழுதிய தாளே போதும் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று. முழு சுதந்திரம் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அமெரிக்காவில் ஓர் இளங்கலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் (பாடங்களின் அளவை எண்ணும் அலகு) என்றால், மேஜர் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். நீங்கள் வடிவமைப்பது அந்தப் பங்கை மட்டும். மொழிப்பாடம், பொதுப்பாடம் எல்லாம் பெரும்பாலான இடங்களில் அப்படியே இருக்கும்.

கேள்வி: எனக்கு இசை பிடிக்கும், மூளையைப் பற்றிப் படிக்கப் பிடிக்கும், கோடிங் நன்றாக வரும். மூன்றையும் சேர்த்து ஒரு மேஜருக்கு வரைவு எழுதி அட்வைசரிடம் காட்டினேன். படித்துவிட்டு "இதில் கேள்வி எங்கே?" என்று மட்டும் கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டாம் வருடம் படிக்கிறேன். என்ன எதிர்பார்க்கிறார் என்றே புரியவில்லை.

பதில்: நல்ல அட்வைசர் கிடைத்திருக்கிறார், விட்டுவிடாதீர்கள். நீங்கள் இணைத்திருந்த வரைவைப் படித்தேன். "இசை, நரம்பியல், கணினி அறிவியல் ஆகிய மூன்று துறைகளின் சந்திப்பில்..." என்று தொடங்குகிறது. கீழே பதினைந்து பாடங்கள். அதில் ஒன்பது பாடங்களின் பெயரில் 'அறிமுகம்' என்ற சொல் இருக்கிறது. உங்களுக்கு எதெல்லாம் பிடிக்கும் என்பது இதைப் படித்தால் தெரிகிறது. நான்காம் வருட முடிவில் உங்களுக்கு என்ன தெரிந்திருக்கும் என்பது தெரியவில்லை. அவர் கேட்டது இதைத்தான்.

இப்படி யோசித்துப் பாருங்கள். ஒரு பாட்டைப் புதிதாகக் கேட்கிறோம், நாலு சுற்று முடிவதற்குள் அடுத்த தட்டு எங்கே விழும் என்று காலுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த எதிர்பார்ப்பை மூளை எப்படி உருவாக்குகிறது, எங்கே ஏமாறுகிறது? இது ஒரு கேள்வி. இதை மையத்தில் வைத்தவுடனே பட்டியல் தானாக மாற ஆரம்பிக்கும். நீங்கள் போட்டிருக்கும் 'வெப் டெவலப்மென்ட்' வெளியே போகும். 'மேற்கத்திய இசை வரலாறு' இரண்டு பாகமும் போகும், வருத்தமாக இருந்தாலும் போகும். நீங்கள் போடாத புள்ளியியல் உள்ளே வரும், ஏனென்றால் பத்துப் பேரைத் தட்டச் சொல்லி எடுத்த அளவுகளை வைத்து ஏதாவது சொல்ல வேண்டுமானால் அது இல்லாமல் ஒன்றும் நடக்காது.

அடுத்தது, எந்தக் கருவியை எடுத்து அந்தக் கேள்வியைத் தொடப்போகிறீர்கள் என்பது. ஆட்களை உட்கார வைத்துச் சோதனை செய்யப்போகிறீர்களா? அப்படியென்றால் சோதனை உளவியல், ஆய்வு முறைகள், புள்ளியியலில் ஒன்றுக்கு இரண்டு பாடம். இல்லை, கணினியில் மாதிரி கட்டிப் பார்க்கப்போகிறீர்களா? அப்படியென்றால் லீனியர் ஆல்ஜிப்ரா, சிக்னல் ப்ராசஸிங், மெஷின் லேர்னிங். இரண்டையும் தொட்டுக்கொள்ளலாம், ஆனால் ஆழம் போக ஒன்றில்தான் இடம் இருக்கும். சொந்த மேஜருக்கு அனுமதி தரும் கமிட்டிகள் இதைத்தான் தேடும், நாலு துறையையும் தெரிந்த ஆள் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. குறைந்தது ஒரு துறைக்காரராவது "இவர் எங்கள் வேலையைச் செய்யத் தெரிந்தவர்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நான் படித்த வரைவுகளில் விழுந்தவற்றில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் விழுந்தன.

இனி கொஞ்சம் சலிப்பான வேலை, ஆனால் பட்டத்தைக் காப்பாற்றுவது இதுதான். ஒரு தாளில் மீதமிருக்கும் செமஸ்டர்களைக் கட்டம் போடுங்கள். கடைசிக் கட்டத்தில் தீஸிஸ் (ஆய்வேடு) என்று எழுதிவிட்டுப் பின்னோக்கி வாருங்கள். சிக்னல் ப்ராசஸிங் ஆறாவது செமஸ்டரில் வேண்டும். அதற்கு முன்தகுதியாக லீனியர் ஆல்ஜிப்ரா கேட்பார்கள், அதற்கு கால்குலஸ் கேட்பார்கள். ஒரு பாடம் வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும் என்றால் ஒன்று தவறினாலே ஒரு வருடம் தள்ளிப்போகும். அதோடு, சில மேல்நிலை வகுப்புகளில் அந்தத் துறை மாணவர்களுக்குத்தான் முதலிடம். நீங்கள் எந்தத் துறையிலும் இல்லாத ஆள், காத்திருப்போர் பட்டியலில் நிற்பீர்கள். ஆகவே கட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு மேல்நிலைப் பாடத்துக்குப் பக்கத்திலும் "இது கிடைக்காவிட்டால் எது" என்று பென்சிலால் எழுதி வையுங்கள். கமிட்டிக்கு இந்தத் தாளையே காட்டலாம்.

கடைசியாக, உங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. மனம் எப்படி இயங்குகிறது என்று உளவியல்காரர்களும் மொழியியல்காரர்களும் கணினிக்காரர்களும் சேர்ந்து கேட்க ஆரம்பித்தது 1950களில். அதற்கென்று ஒரு ஆய்விதழ் 1977-ல் வந்தது, சங்கம் 1979-ல். காக்னிட்டிவ் சயின்ஸ் என்ற பெயரில் இன்றைக்குப் பல பல்கலைக்கழகங்களில் அது பட்டியலில் உள்ள சாதாரண மேஜர். உங்கள் வளாகத்தில் அது இருக்கிறதா என்று பார்த்தீர்களா? இருந்தால் அதில் சேர்ந்து இசையை மைனராக, அதாவது துணைத் துறையாக, வைத்துக்கொள்வது உங்கள் வரைவைவிட நல்ல வழி. இருக்கும் மேஜரோடு ஒரு மைனர் சேர்த்தால் முடிந்துவிடும் என்றால் கமிட்டி முதல் கேள்வியாக அதைத்தான் கேட்கும்.

கேள்வி: தீவிரமான தலைப்பாகத்தான் இருக்க வேண்டுமா? எனக்குப் பொம்மைகள் மீது பைத்தியம். சிரிப்பார்களோ என்று இருக்கிறது.

பதில்: சிரிக்கட்டும். அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் 1974-ல் ஒருவர் புதிர்களைப் பற்றிய படிப்பில் பட்டம் வாங்கினார். எனிக்மட்டாலஜி என்று அதற்குப் பெயர். அவர் பெயர் வில் ஷார்ட்ஸ். 1993-ல் நியூயார்க் டைம்ஸின் குறுக்கெழுத்துப் பகுதிக்கு ஆசிரியரானார். இண்டியானாவில் புதிர்த்துறை என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு துறையிலும் ஒத்துழைக்கும் ஆசிரியரைத் தேடிப்பிடித்து, புதிரின் உளவியல், கணிதப் புதிர்கள் என்று தானே வகுப்புகளை உண்டாக்கிக்கொண்டார். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக விட்டுவிடும் இன்னொரு பாதியும் உண்டு: அதற்கப்புறம் அவர் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சட்டமும் படித்து முடித்தார், 1977-ல். பிறகுதான் முழுநேரமாகப் புதிர்ப் பத்திரிகைப் பக்கம் போனார்.

பொம்மைக்கு வருவோம். பொருள் என்ன என்பதைவிட அதை வைத்து என்ன கேட்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். குழந்தை வளர்ச்சி, வடிவமைப்பு, பொருட்களின் பாதுகாப்புத் தரம், சந்தை வரலாறு என்று எந்தப் பக்கமும் நுழையலாம். "பொம்மைகளின் உலகம்" என்று தலைப்பு வைத்தால்தான் சிரிப்பார்கள். "குழந்தைப் பருவ வளர்ச்சியும் விளையாட்டுப் பொருள் வடிவமைப்பும்" என்றால் உட்கார்ந்து கேட்பார்கள். இந்தத் தலைப்பு நாளைக்கு டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) அச்சாகப்போகிறது என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: வழிகாட்டிப் பேராசிரியர் ஒருவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். எனக்கு யாரையும் தெரியாது. மூன்று பேருக்கு மெயில் அனுப்பினேன், பதிலே இல்லை.

பதில்: என்ன எழுதினீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. "எனது இன்டர்டிசிப்ளினரி மேஜருக்கு வழிகாட்டியாக இருக்க இயலுமா" என்று இருந்திருக்கும். அவர் பக்கம் நின்று பாருங்கள்: முகம் தெரியாத ஒருவர் இரண்டு வருஷ வேலையைக் கேட்கிறார். பல இடங்களில் இப்படி வழிகாட்டுவது அவருடைய பணிச்சுமைக் கணக்கிலேயே சேராது. யார் பதில் போடுவார்கள்?

முதலில் அவருடைய வகுப்பு ஒன்றில் உட்காருங்கள். கற்றுக்கொடுக்கும்போது எங்கே அவருக்கே உற்சாகம் வருகிறது என்று பாருங்கள். பிறகு சின்னதாகக் கேளுங்கள். இந்த மாதிரி: "ஐயா, உங்கள் வகுப்பில் அணைகளும் கீழ்ப்பகுதி விவசாயமும் என்று ஒரு வாரம் பேசினோம். அங்கிருந்து கிளம்பிய ஒரு கேள்வியை வைத்து ஒரு மேஜருக்கு வரைவு எழுதியிருக்கிறேன், ஒரே பக்கம்தான், இணைத்திருக்கிறேன். இதில் தேவையில்லாத பாடங்கள் எவை என்று சொல்ல இருபது நிமிடம் ஒதுக்க முடியுமா?" எதை நீக்கலாம் என்று கேட்டால் பேராசிரியர்களால் சும்மா இருக்க முடியாது, பேனாவை எடுத்துவிடுவார்கள். அடித்துத் திருத்திய தாளோடு மறுபடி போய் நில்லுங்கள். மூன்றாவது சந்திப்பில் கையெழுத்தைக் கேட்டால் போதும்.

ஒருவரோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. வேறு துறையிலிருந்து இரண்டாவது ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும். பேராசிரியர்கள் ஆய்வு விடுப்பில் போவார்கள், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவார்கள், ஓய்வு பெறுவார்கள். சாதாரண மேஜரில் ஒருவர் போனால் துறை இருக்கும். உங்கள் மேஜரில் அவர்தான் துறை.

கேள்வி: ஐயா, என் மகள் வெளிநாட்டில் கணிதம் படிக்கப் போனாள். இப்போது நதிநீர்ப் பங்கீடு பற்றித் தானே ஒரு மேஜர் எழுதப்போகிறாளாம். நன்றாகப் படிக்கிற பெண்தான். ஆனால் நாளைக்கு வேலை கேட்டுப் போகும் இடத்தில் "இது என்ன பட்டம்?" என்று கேட்டால் என்ன சொல்வாள்? செலவு செய்து அனுப்பியிருக்கிறோம், பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானதுதான் ஐயா, அதை மகளிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். "அதெல்லாம் கவலைப்படாதீர்கள், காலம் மாறிவிட்டது" என்று பதில் எழுத எனக்கு மனமில்லை.

சில வாசல்கள் நிஜமாகவே மூடும். அங்கீகாரம் பெற்ற பட்டம் இருந்தால்தான் உரிமம் என்று இருக்கும் தொழில்கள், பொறியியல், கட்டடக்கலை, செவிலியர் பணி போன்றவை, சொந்தமாக எழுதிய மேஜரை ஏற்றுக்கொள்ளாது. குறிப்பிட்ட துறையில் பட்டம் வேண்டும் என்று விதி வைத்திருக்கும் தேர்வுகளும் அரசு வேலைகளும் அப்படியே. உங்கள் மகளுக்கு அப்படி ஏதாவது ஒரு வேலை மனசில் இருந்தால், விதியில் என்ன எழுதியிருக்கிறது என்று இப்போதே எடுத்துப் படிக்கட்டும். மற்றபடி மேற்படிப்புக்கு வாசல் மூடாது, பாடங்கள் சரியாக இருந்தால். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளையே எடுத்துக்கொள்ளுங்கள், எந்த மேஜர் என்று பார்ப்பதில்லை, தேவையான உயிரியல், வேதியியல் பாடங்களை முடித்தாரா என்றுதான் பார்க்கிறார்கள். பொருளாதாரத்தில் முதுகலை போவதானாலும் கணிதமும் புள்ளியியலும் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

வேலைக்கு வருவோம். இணையத்தில் விண்ணப்பப் படிவம் நிரப்பும்போது 'மேஜர்' என்ற இடத்தில் ஒரு பட்டியல் விழும். உங்கள் மகளுடைய மேஜர் அதில் இருக்காது. 'மற்றவை' என்றோ 'இன்டர்டிசிப்ளினரி' என்றோ தட்ட வேண்டியிருக்கும். அங்கே அவளைக் காப்பாற்றுவது அடுத்த வரி, அதாவது என்ன செய்யத் தெரியும் என்பது. நீரியலும் சட்டமும் பொருளாதாரமும் படித்தேன் என்று சொன்னால் எதிரே இருப்பவர் தலையாட்டுவார். ஒரு நதிப்படுகையின் இருபது வருஷ நீரோட்டத் தரவை எடுத்து, ஜிஐஎஸ் (இடம்சார்ந்த தரவுகளைக் கையாளும் கணினி மென்பொருள்) வரைபடம் போட்டு, ஒப்பந்தத்தில் சொன்ன பங்கும் உண்மையில் வந்த தண்ணீரும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று காட்டினேன் என்றால் அடுத்த கேள்வி கேட்பார். கணிதம் தெரிந்த பெண் என்கிறீர்கள், இது அவளுக்குப் பெரிய பலம். கணிதத்தை முழுசாக விட்டுவிடாமல், தேவைப்பட்டால் கூடுதலாக ஒரு செமஸ்டரில் கணித மேஜரையே முடித்துவிடலாம் என்ற தூரத்தில் முதல் இரண்டு வருஷத்தை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நடுவில் மனம் மாறினாலும், வழிகாட்டி ஊரைவிட்டுப் போனாலும் திரும்ப ஒரு வீடு இருக்கும்.

ஒரு சின்ன வேலை அவளுக்குக் கொடுங்கள். தான் போக விரும்பும் வேலைக்கான நிஜ விளம்பரங்கள் மூன்றை எடுத்து, அதில் கேட்டிருக்கும் ஒவ்வொரு திறமைக்கும் எதிரே தன் திட்டத்தில் எந்தப் பாடம் என்று எழுதி உங்களுக்கு அனுப்பட்டும். பெரும்பாலான கட்டங்கள் நிரம்பியிருந்தால் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். காலியாக இருந்தால் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், அவளுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: டபுள் மேஜரா, சொந்த மேஜரா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

பதில்: உங்களுக்கு வேண்டியது இரண்டே துறை, இரண்டிலும் உங்கள் வளாகத்தில் மேஜர் இருக்கிறது என்றால் டபுள் மேஜர், மூன்றாவது துறையில்லாமல் உங்கள் கேள்வி நகராது என்றால் மட்டும் சொந்த மேஜர்.

கேள்வி: ப்ரொபோசலை ஏ.ஐ.யிடம் எழுதச் சொன்னால் என்ன? பிரமாதமாக எழுதுகிறதே.

பதில்: பிரமாதமாகத்தான் எழுதும், "துறைகளின் சந்திப்பில்" என்று தொடங்கி. அப்புறம் கமிட்டி அறையில் ஒருவர் "புள்ளியியலில் இந்தப் பாடத்தை ஏன் எடுத்தீர்கள், பக்கத்துத் துறை நடத்துவதை ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்பார். இரண்டு சிலபஸையும் நீங்களே படித்திருந்தால் அரை நிமிடத்தில் பதில் வரும். உங்கள் பல்கலைக்கழக விதி அனுமதித்தால் மொழியைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சொந்த மேஜரில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. படிப்பு பிடித்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் நான் விருந்தாளி மாதிரி இருக்கிறேன். "நீ எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்டால் விளக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது. என் கூடப் படிப்பவர் என்று ஒருத்தர்கூட இல்லை.

பதில்: இதை எந்தக் கையேட்டிலும் எழுதுவதில்லை, நீங்கள் எழுதியதற்கு நன்றி. துறை என்றால் பாடம் மட்டுமில்லையே. ஒரே தேர்வுக்கு ஒன்றாகப் பயந்த கூட்டம், சீனியர்கள் கொடுக்கும் பழைய நோட்ஸ், எந்த ஆசிரியர் எப்படி என்ற வம்பு, வேலைவாய்ப்பு மெயில் வரும் பட்டியல், எல்லாம் அதோடு சேர்ந்துதான் வருகிறது. சொந்த மேஜர்காரருக்கு இதில் ஒன்றுமே தானாக வராது, ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். எந்தத் துறையில் அதிகம் பாடம் எடுக்கிறீர்களோ அந்தத் துறை அலுவலகத்தில் போய், அவர்களுடைய மெயில் பட்டியலில் என்னையும் சேருங்கள் என்று கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். அந்தத் துறையின் வாராந்திர செமினாரில் எப்போதும் ஒரே நாற்காலியில் போய் உட்காருங்கள். ஓர் ஆய்வுக் கூடத்தில் சின்ன வேலையாவது வாங்கிக்கொள்ளுங்கள், கூட்டம் என்பது பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். உங்கள் பல்கலைக்கழகத்தில் இதே வழியில் போகும் வேறு மாணவர்கள் இருப்பார்கள், தலைப்பு உங்களோடு ஒட்டாமல் இருந்தாலும் அவர்களுக்கும் இதே ஐந்து நிமிட விளக்கம்தான் பிரச்சினை. சொந்த மேஜர் திட்டத்தை நடத்தும் அலுவலகத்தில் அவர்கள் பட்டியல் இருக்கும்.

அந்த ஐந்து நிமிடத்தையும் சுருக்குங்கள். மேஜரின் பெயரைச் சொல்லாதீர்கள், கேள்வியைச் சொல்லுங்கள். "தூக்கம் கெட்டால் ஞாபகம் ஏன் கெடுகிறது என்று படிக்கிறேன்" என்றால் யாரும் டிபார்ட்மென்ட் எது என்று கேட்பதில்லை, தன் தூக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

கேள்வி: கமிட்டி என் திட்டத்தை நிராகரித்துவிட்டது. "போதிய ஆழம் இல்லை, சில பாடங்களின் தொடர்பு தெளிவாக இல்லை" என்று இரண்டு வரி. மறுபடி கொடுக்கலாமா, இல்லை இதோடு விட்டுவிடட்டுமா?

பதில்: முதல் தடவையிலேயே எல்லோருக்கும் அனுமதி கிடைத்துவிடுவதில்லை, ஆகவே அந்த இரண்டு வரியைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் விட்டுவிடலாமா என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: பட்டம் முடிக்க மூன்று செமஸ்டருக்கும் குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள். நெருக்கமான ஒரு மேஜரில் சேர்ந்து, உங்கள் கேள்வியைத் தீஸிஸில் வைத்துக்கொள்ளுங்கள். பல துறைகளில் அதற்கு இடம் கொடுப்பார்கள்.

நேரம் இருந்தால் கமிட்டியில் ஒருவரை நேரில் பார்த்து, தொடர்பு தெரியாத பாடங்கள் எவை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வழக்கமாக இரண்டோ மூன்றோ இருக்கும், உங்களுக்கு ரொம்பப் பிடித்தவையாகவும் இருக்கும். அவற்றை எடுத்துவிட்டால் திட்டம் நிற்குமானால் எடுத்துவிடுங்கள், விருப்பப்பாடமாகத் தனியாகப் படித்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. எடுத்தால் திட்டமே சாயும் என்றால், ஏன் சாயும் என்பதைத்தான் நீங்கள் முதல் தடவை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். ஆழம் என்று அவர்கள் சொல்வதற்கு ஒரு துறையிலாவது அறிமுகம், இடைநிலை, மேல்நிலை என்று மூன்று படி ஏறியிருக்க வேண்டும் என்று அர்த்தம், அதைக் கட்டம் போட்டுக் காட்டுங்கள். திருத்திய திட்டத்தோடு, அவர்கள் எழுதிய குறை ஒவ்வொன்றுக்கும் என்ன செய்தேன் என்று ஒரு பக்கம் எழுதி மேலே வையுங்கள். கமிட்டிக்காரர்கள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார்கள்.